அச்சுக்கோப்பாளர்கள் போன பாதை

கடந்த மாதம் ஓர் இளம்பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்திருந்தார். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற கலைப் பட்டதாரி. அவருடைய தந்தையார் என்னோடு பல்கலைக்கழகத்தில் ஒரே விடுதியில் இருந்தவர். பத்திரிகையில் சேர வேண்டும் என்பது இந்தப் பிள்ளையின் நெடுநாள் ஆசை. கொழும்பில் மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்து, ஓரிடத்தில் நேர்முகப் பரீட்சைக்கும் போய் வந்திருக்கிறார். அங்கே அவரிடம் கேள்விகள் அதிகம் கேட்கப்படவில்லை. மொழிபெயர்ப்புக்கு இப்போது ஆள் எடுப்பதில்லை, கணினி அதைச் செய்துவிடுகிறது, அறிக்கைகளைச் செய்தியாக்குவதையும் அதுவே செய்கிறது, வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"சேர், உண்மையைச் சொல்லுங்கோ. நான் ஆசிரியர் வேலைக்கே போட்டுப் பார்க்கிறதோ?" என்று கேட்டார்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவன் என்பதற்காகத்தான் என்னிடம் வந்தார். ஆயினும் எனக்கு உடனடியாகப் பதில் வரவில்லை. அவர் போன பின்னர் என் நினைவில் வந்து நின்றவர் ஓர் அச்சுக்கோப்பாளர். அவரைப் பெரியண்ணை என்றுதான் எல்லோரும் அழைப்போம். அவரிடமிருந்து தொடங்கினால்தான் நான் சொல்ல நினைப்பது விளங்கும்.

1989 ஆம் ஆண்டில் நான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்தபோது, எங்கள் பத்திரிகையில் ஒரு பகுதி இன்னமும் கையால்தான் அச்சுக்கோக்கப்பட்டது. வேறு பத்திரிகைகள் சில புதிய முறைகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. எங்களுடையது சற்றுப் பின்தங்கிய நிறுவனம். கீழ்த்தளத்தில் ஈய எழுத்துகள் நிறைந்த மரத்தட்டுகள் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்துக்கு மேல்தட்டு, கீழ்தட்டு என்று இரண்டு போதும். தமிழுக்கு அது போதாது. உகர, ஊகார வரிசைகளில் மாத்திரமே 36 எழுத்துகள். ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம். ஒவ்வொன்றுக்கும் தனி அறை. மஞ்சள் விளக்கின் கீழே நின்றுகொண்டு, கொப்பியில் ஒரு கண்ணை வைத்து, எந்த அறை எங்கேயென்று பாராமலே அந்த மனிதர்கள் எழுத்துகளைப் பொறுக்கிக் கோப்பார்கள். கோத்ததைத் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் வாசிப்பார்கள். நாங்கள் நேராக வாசிப்பதிலும் பார்க்க அது வேகமாக இருக்கும்.

எனக்கு முதலில் கிடைத்தது இரவுப்பணி. ரெலிபிரின்ரரில் வந்து விழும் ஆங்கிலச் செய்திகளைக் கிழித்தெடுத்துத் தமிழாக்குவதே வேலை. முதல் வாரத்தில் பாராளுமன்றச் செய்தி ஒன்றில் 'ஸ்ராண்டிங் கமிட்டி' என்று வந்ததை நான் 'நிற்கும் குழு' என்று எழுதிக் கீழே அனுப்பிவிட்டேன். சிறிது நேரத்தில் பெரியண்ணை கொப்பியைக் கையில் பிடித்தபடி மேலே ஏறி வந்தார்.

"தம்பி, குழு எப்பிடி நிக்கும்? நிலையியற் குழு எண்டெல்லோ நாங்கள் கோக்கிறது."

செய்தி ஆசிரியருக்குக் கேட்காத குரலில்தான் சொன்னார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். எனினும் இருபத்தைந்து ஆண்டுகாலப் பத்திரிகைத் தமிழ் அவருடைய விரல்களுக்குள் இருந்தது. பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியம் படித்துவிட்டு வந்த எனக்கு, செய்தித்தமிழ் கற்பித்தவர்களில் அவரும் ஒருவர்.

1993 இல் எங்கள் அலுவலகத்துக்குக் கணினிகள் வந்தன. குளிரூட்டப்பட்ட சிறிய அறை ஒன்றில் தட்டச்சுக் கற்ற நான்கு இளம்பெண்கள் அமர்ந்தார்கள். ஓராண்டுக்குள் கீழ்த்தளம் வெறுமையானது. இருவர் பக்கங்களை ஒட்டும் வேலைக்கு மாற்றப்பட்டனர். மற்றையோர் ஊழியர் சேமலாப நிதியையும் சிறியதொரு நட்டஈட்டையும் பெற்றுக்கொண்டு வெளியேறினார்கள். ஈய எழுத்துகள் நிறுத்து விற்கப்பட்டன. ஆசிரியபீடத்தைச் சேர்ந்த நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததோடு, உள்ளூர மகிழ்ச்சியும் அடைந்தோம் என்பதே உண்மை. இரவு பதினொரு மணிக்கும் தலைப்பை மாற்றலாம், பிழை திருத்துவது எளிது, ஈயப்புழுதி இல்லை. வடையும் தேநீரும் கொடுத்து ஒரு பிரியாவிடை நடந்தது. அதில் நானும் உரையாற்றினேன். 'காலத்தின் கட்டாயம்' என்ற சொற்றொடரைப் பாவித்ததாக ஞாபகம். இப்போது அதே சொற்றொடரை என் காதுபடப் பலர் சொல்லுகிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் நடந்தது உலகத்தின் பெரிய பத்திரிகைகளில் முன்னமே நடந்து முடிந்த ஒன்று என்பதைப் பின்னாளில்தான் வாசித்து அறிந்தேன். அந்த வரலாற்றில் நியூயோர்க் நகரத்தின் கதை, செயற்கை நுண்ணறிவு எழுத்தாளரின் பிழைப்பைக் கெடுக்குமா என்று கேட்கும் எவரும் தெரிந்திருக்க வேண்டியதாகும்.

1886 ஜூலையில் 'நியூயோர்க் ரிபியூன்' பத்திரிகை லைனோரைப் இயந்திரத்தை முதன்முதலாகப் பயன்படுத்தியது. ஒரு முழு வரியை ஒரே ஈயக்கட்டியாக வார்த்துத் தரும் அந்த இயந்திரத்தைக் கண்டதும், கையால் கோப்பவர்கள் தங்கள் காலம் முடிந்ததென்றே எண்ணினார்கள். அவ்வாறு நடக்கவில்லை. அவர்களுடைய தொழிற்சங்கம் இயந்திரத்தை எதிர்க்கவில்லை. அதை இயக்குவோர் தமது உறுப்பினர்களாகவே இருக்க வேண்டுமென்று பிடித்துக்கொண்டது. செலவு குறைந்ததால் பத்திரிகைகளின் பக்கங்கள் பெருகின; பக்கங்கள் பெருகியதால் வேலையும் பெருகியது. 'ஒவ்வொரு புதிய இயந்திரமும் புதிய வேலைகளைத் தரும்' என்று இன்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. லைனோரைப்பின் வரலாறு அவர்களின் பக்கம் இருக்கிறது. ஆனால் அது பாதி வரலாறு.

மீதிப் பாதி 1960 களில் தொடங்கியது. துளையிட்ட நாடாவும் கணினியும் அச்சுக்கோப்பு அறையின் வாசலில் வந்து நின்றன. 1962 டிசம்பர் 8 ஆம் திகதி, பேர்ட்ரம் பவர்ஸ் என்பவரின் தலைமையில் நியூயோர்க் அச்சுக்கோப்பாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நகரின் பெரிய நாளிதழ்கள் 114 நாட்கள் வெளிவரவில்லை. சம்பளமும் வேலைநேரமும் கோரிக்கைகளாக இருந்தாலும், இயந்திரம் பற்றிய அச்சமே அடியில் இருந்தது. வேலைநிறுத்தம் 1963 மார்ச் 31 இல் முடிவுக்கு வந்தது. அச்சுக்கோப்பாளர் வென்றார்கள் என்றே சொல்லப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் 'மிரர்' நின்றது. 1967 இற்குள் 'ஹெரால்ட் ரிபியூன்' உட்பட இன்னும் சில பழைய பெயர்கள் இல்லாமற் போயின. வேலைநிறுத்தம் மாத்திரம் இவற்றைக் கொன்றதென்று சொல்ல முடியாது, தொலைக்காட்சியும் இருந்தது. புத்தக மதிப்புரைகள் வெளியாகாத அந்த இடைவெளியில்தான் 'நியூயோர்க் ரிவியூ ஒஃப் புக்ஸ்' என்ற இதழ் பிறந்தது என்பதையும் இலக்கிய ஆர்வலர்களுக்காகக் குறிப்பிட்டு வைக்கிறேன்.

இந்தச் சங்கத்திடம் ஒரு விசித்திரமான விதி இருந்தது. விளம்பர நிறுவனங்கள் ஏற்கனவே கோத்துத் தயாராக அனுப்பும் விளம்பரத்தைப் பத்திரிகை அப்படியே அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே விளம்பரத்தைச் சங்கத்தின் உறுப்பினர் மீண்டும் ஒருமுறை முழுமையாகக் கோக்க வேண்டும். புரூவ் எடுத்துத் திருத்த வேண்டும். பின்னர் அதை உருக்குவதற்கு எறிந்துவிட வேண்டும். அதற்கும் சம்பளம் உண்டு. 'போகஸ்' என்று அந்த வேலைக்குப் பெயர். முதலாளிமார் இதை எள்ளி நகையாடினார்கள். எனக்கு இதை வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. யாரும் வாசிக்கப்போகாத எழுத்துகளை நாள் முழுவதும் பொறுக்கிக் கோத்த அந்த மனிதனின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? கைத்திறனை வைத்துப் பிழைத்தவனுக்கு, அதன் விளைபொருள் வேண்டாம், சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொள் என்று சொல்வதும் ஒருவகை அவமதிப்பே.

1974 இல் வந்த உடன்பாடுதான் முக்கியமானது. 'நியூயோர்க் ரைம்ஸ்', 'டெய்லி நியூஸ்' ஆகிய பத்திரிகைகள் கணினியைத் தாராளமாகக் கொண்டுவரலாம் என்று சங்கம் இணங்கியது. பதிலுக்கு, அப்போது பணியிலிருந்த நிரந்தர அச்சுக்கோப்பாளர்கள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் வேலை உறுதி செய்யப்பட்டது. பலர் இதனை ஒரு முன்மாதிரியான தீர்வென்று புகழ்ந்தார்கள். உண்மையில் அது கண்ணியமான உடன்பாடுதான். எங்கள் கீழ்த்தளத்தில் வேலை செய்தவர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்காவது கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

1978 ஜூலை 1 ஆம் திகதி இரவு, 'நியூயோர்க் ரைம்ஸ்' கடைசித் தடவையாக ஈயத்தில் வார்க்கப்பட்டது. அந்த இரவை அப்பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்த டேவிட் லோப் வைஸ் திரைப்படமாக்கினார். 'ஃபெயார்வெல் எற்றோயின் ஷேர்ட்லு' என்பது அந்த விவரணப்படத்தின் பெயர். அது லைனோரைப் விசைப்பலகையின் முதல் இரண்டு நிரல்களிலிருந்த எழுத்துகளின் வரிசை. இணையத்தில் அதைப் பார்க்கலாம். வயதான அச்சுக்கோப்பாளர் ஒருவர் தாம் இனிமேல் வேலைக்கு வரப்போவதில்லை என்கிறார். மற்றொருவர் கணினித் திரையின் முன்னால் அமர்ந்து பழகிக்கொள்கிறார். எவரும் தெருவுக்கு எறியப்படவில்லை.

ஆனால் அந்த உடன்பாட்டை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். அது காப்பாற்றியது அச்சுக்கோப்பாளர்களை, அச்சுக்கோப்பை அல்ல. இருப்பவர்களுக்கு வாழ்நாள் வேலை. புதியவர்களுக்கு வாசல் இல்லை. தொழில் பழகும் பையன்கள் வருவது நின்றது. ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலி வெறுமையாகவே கிடந்தது. எவரையும் வேலைநீக்காமல், எந்த இரைச்சலும் இல்லாமல், ஒரு தலைமுறையின் ஆயுளோடு ஒரு தொழில் முடிந்துபோனது. 1852 இல் அமைந்த அச்சுக்கோப்பாளர்களின் தேசியச் சங்கமே 1980 களின் பிற்பகுதியில் தொடர்பாடல் ஊழியர் சங்கத்தோடு கலந்து மறைந்தது.

லண்டனில் இது இவ்வளவு அமைதியாக நடக்கவில்லை. 1986 ஜனவரியில் ரூபர்ட் மேர்டொக் தமது நான்கு பத்திரிகைகளை வொப்பிங் என்ற இடத்தில் முட்கம்பி வேலிக்குள் இரகசியமாக அமைத்த புதிய அச்சகத்துக்கு ஒரே இரவில் மாற்றினார். வேலைநிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தார்கள். ஓராண்டுக்கு மேல் வாசலில் மறியல் நடந்தது. 1987 பெப்ரவரியில் அது தோல்வியில் முடிந்தது. வொப்பிங் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு பகுதியை மட்டும் நான் சொல்கிறேன், ஏனெனில் அது என் இனத்தைப் பற்றியது. புதிய முறையில் அச்சுக்கோப்பாளர் தேவையில்லை. பத்திரிகையாளர் தட்டுவது நேராகப் பக்கத்துக்குப் போய்விடும். ஆகவே பத்திரிகையாளர்கள் உள்ளே வர மறுத்திருந்தால் மேர்டொக்கின் திட்டம் நடந்திராது. சிறுதொகையினர் மறுத்தார்கள். பெரும்பாலானோர் மறியலைக் கடந்து உள்ளே போனார்கள். அச்சுக்கோப்பாளர்களின் கெடுபிடிகளால் சலித்திருந்தவர்கள் அவர்கள். அந்தச் சலிப்பில் நியாயமும் இருந்தது. பிரியாவிடையில் வடை தின்றவன் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

அன்றைக்குப் பத்திரிகையாளன் நினைத்தது இதுதான்: கோப்பது கைவேலை, அதை இயந்திரம் செய்யலாம், எழுதுவது அறிவுவேலை, அதை எவ்வாறு இயந்திரம் செய்யும்?

2014 மார்ச்சில் 'லொஸ் ஏஞ்சலஸ் ரைம்ஸ்' பத்திரிகையின் கணினி நிரல் ஒன்று, அந்நகரில் ஏற்பட்ட நிலநடுக்கம் பற்றிய செய்தியைச் சில நிமிடங்களில் எழுதியது. அதே ஆண்டு ஜூலை முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் கம்பனிகளின் காலாண்டு வருமானச் செய்திகளைக் கணினியைக் கொண்டு எழுதத் தொடங்கியது. காலாண்டுக்கு ஏறத்தாழ 300 செய்திகள் எழுதப்பட்ட இடத்தில் 3000 இற்கும் மேற்பட்டவை வெளிவந்தன. எவருடைய வேலையும் போகாது என்று அந்நிறுவனம் அறிவித்தது. அப்போது அது உண்மையாகவே இருந்தது. எண்களை அச்சில் நிரப்பும் வேலை அது. நான் அதைப் படித்துவிட்டுக் கவலைப்படாமல் உறங்கினேன். 2017 ஜூனில் மேற்படி நிலநடுக்க நிரல், 1925 இல் சாந்தா பார்பராவில் நிகழ்ந்த பெரும் நடுக்கத்தை அன்றைய செய்தியாக வெளியிட்டு மக்களைக் கலவரப்படுத்தியபோது, நண்பர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தேன்.

2022 நவம்பர் 30 இல் சற்ஜிபிரி வெளிவந்த பின்னர் அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது. அது எண்களை நிரப்பவில்லை; வசனம் எழுதியது. ஆறே மாதத்தில் ஹொலிவூட்டின் எழுத்தாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2023 மே 2 முதல் செப்டெம்பர் 27 வரை 148 நாட்கள், ஏறத்தாழ 11,500 திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பளக் கோரிக்கைகளோடு, செயற்கை நுண்ணறிவும் அங்கே பேசுபொருளானது. கடைசியில் கையெழுத்தான மூன்றாண்டு ஒப்பந்தத்தில், கணினி எழுதியதை இலக்கியப் பிரதியாகக் கொள்ளக்கூடாது, எழுத்தாளரை அதைப் பாவிக்கும்படி கட்டாயப்படுத்தக்கூடாது, கணினி எழுதிய பிரதியைக் கையில் கொடுத்தால் அவ்வாறு கொடுப்பதை அறிவிக்க வேண்டும் என்பன இடம்பெற்றன. நியூயோர்க் அச்சுக்கோப்பாளர்கள் விட்ட இடத்திலிருந்து இவர்கள் தொடங்கினார்கள் என்றே நான் கருதுகிறேன். ஆனால் எத்தனை எழுத்தாளரை, எந்த வயதினரை, புதிதாக எடுக்க வேண்டும் என்பதில்தான் எந்தத் தொழிலும் பிழைக்கும் அல்லது சாகும். அந்த ஒப்பந்தம் ஒரு தொடருக்குக் குறைந்தது எத்தனை எழுத்தாளர் என்ற கணக்கையும் ஓரளவு பேசியது. அதைப் பெரிதும் மதிக்கிறேன்.

நியாயமான ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். லைனோரைப் எந்த அச்சுக்கோப்பாளனின் கையையும் திருடி உருவாக்கப்பட்டதல்ல. இந்தப் புதிய இயந்திரமோ எழுத்தாளர்களின் எழுத்தைத் தின்றே எழுதப் பழகியது. 'நியூயோர்க் ரைம்ஸ்' 2023 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. அந்த்ரோபிக் என்ற நிறுவனத்துக்கு எதிராக நூலாசிரியர்கள் தொடுத்த வழக்கில், விலைக்கு வாங்கிய நூல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்குவது குற்றமல்ல, திருட்டுப் பிரதிகளைச் சேகரித்து வைத்ததே குற்றம் என்ற வகையில் 2025 ஜூனில் நீதிபதி தீர்ப்பளித்தார். அதன் பின் 150 கோடி டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. நூலொன்றுக்குச் சுமார் 3000 டொலர். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவான நூல்களுக்கே அது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சொந்தக் காசில் ஐந்நூறு பிரதி அச்சிட்டவர்கள் அந்தப் பட்டியலைத் தேடிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

இயந்திரம் எழுதுவது நன்றாக இல்லை, ஆகவே பயமில்லை என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். 2025 மே மாதத்தில் 'சிக்காகோ சன் ரைம்ஸ்' பத்திரிகையின் கோடைகால இணைப்பில் வாசிக்கவேண்டிய 15 நூல்களின் பட்டியல் வந்தது. அவற்றுள் 10 நூல்கள் எழுதப்படவேயில்லை! இசபெல் அயெண்டே எழுதாத நாவலும் அதில் இருந்தது. வெளியாள் ஒருவர் கணினியைக் கேட்டு எழுதிய பட்டியல் அது. நண்பர்கள் இதை ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தார்கள். என் கவனம் போனது வேறிடத்துக்கு. அந்தப் பத்திரிகையின் ஊழியரில் ஐந்தில் ஒரு பங்கினர் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் பணம் பெற்றுக்கொண்டு விலகிப் போயிருந்தார்கள். 'இந்த நாவலை நான் கேள்விப்படவே இல்லையே' என்று கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வருவதற்கு அங்கே ஒரு பெரியண்ணை இருக்கவில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011 ஜூனில் சேர்ந்தது. ஆரம்பத்தில் அது என்னுடைய 'நிற்கும் குழு'விலும் மோசமாக இருந்தது. இன்று அப்படியல்ல. ஆங்கில அறிக்கையைக் கொடுத்தால் ஒழுங்கான வாக்கியங்களில் தமிழ் வந்து விழுகிறது. சில உதவி ஆசிரியர்களின் வாக்கியங்களிலும் பார்க்க ஒழுங்காக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆகவேதான் இரவுப்பணி மேசைகள் காலியாகின்றன. எவரும் நீக்கப்படவில்லை, போனவர்களின் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். நியூயோர்க்கின் வழி இங்கேயும் வந்துவிட்டது, வாழ்நாள் உறுதிமொழி மட்டும் இல்லாமல்.

பெயர்பெற்ற எழுத்தாளர்களை இந்த இயந்திரம் இப்போதைக்கு அசைக்காது. வாசகர் அவர்களைத் தேடித்தான் படிக்கிறார்கள். ஆனால் அவர்களில் எத்தனைபேர் இரவுப்பணி மேசையிலிருந்து வந்தவர்கள்! எங்கள் நாட்டில் கவிஞர்களும் சிறுகதை எழுத்தாளர்களும் ஒன்றில் ஆசிரியர்களாக இருந்தார்கள், அல்லது பத்திரிகை அலுவலகங்களில் மொழிபெயர்த்தும் ஒப்புநோக்கியும் சம்பளம் பெற்றார்கள். இலக்கியம் சோறு போட்டதில்லை. அந்த மேசைதான் போட்டது. அதோடு எழுதவும் பழக்கியது. ஓர் ஆங்கில வாக்கியத்தோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டியபோதுதான் தமிழ் வாக்கியம் எங்கே மடங்கும், எங்கே முறியும் என்று நான் கண்டுகொண்டேன். எவருக்கும் பெருமை தராத அந்தச் சில்லறை வேலைதான் முதலில் போகிறது.

அந்தப் பிள்ளை வந்த அன்று இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஒரு பயிற்சியாக, வழக்குச் செய்தி ஒன்றின் ஆங்கில மூலத்தையும் அதற்குக் கணினி தந்த தமிழையும் கையில் கொடுத்து, பார்த்து வைக்கும்படி சொன்னேன். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார். வாக்கியங்களில் அவர் அதிகம் கை வைக்கவில்லை. ஓரிடத்தில் மாத்திரம் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். ஆங்கிலத்தில் 'ஹைகோர்ட்'. கணினி அதை 'உயர் நீதிமன்றம்' என்று எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் அது சரி. அங்கே உச்ச நீதிமன்றம், அதற்குக் கீழே உயர் நீதிமன்றம். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தின் பெயர். ஹைகோர்ட் என்பது மேல் நீதிமன்றம். அந்த ஒரு சொல்லால், மேன்முறையீட்டுக்கு இன்னமும் வழியுள்ள ஒரு தண்டனை இறுதித் தீர்ப்பாக மாறியிருந்தது. சிறையிலிருப்பவரின் தாயொருத்தி அதைக் காலையில் வாசித்தால் என்ன ஆவாள்?

கணினி இதையும் ஒருநாள் கற்றுக்கொள்ளலாம். இலங்கைத் தமிழில் எழுதென்று கட்டளையிட்டால் இப்போதே சிலவேளை சரியாக எழுதக்கூடும். ஆனால் அவ்வாறு கட்டளையிட வேண்டும் என்பதை அறிந்த ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டுமே! அவரை எங்கிருந்து எடுப்பது? மேல் நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் உள்ள பேதத்தை நான் படித்தது பல்கலைக்கழகத்தில் அல்ல.

"பிள்ளை, இதை எப்பிடிப் பிடிச்சனீர்?" என்று கேட்டேன்.

"அப்பான்ரை காணி வழக்கு சேர். நாங்கள் சின்னனிலை இருந்து அந்தக் கோட்டுகளின்ரை பேரைக் கேட்டுத்தானே வளர்ந்தனாங்கள்" என்றார்.

பழைய தொடர்புகளைப் பயன்படுத்தி இரண்டு ஆசிரியர்களிடம் அவரைப் பற்றிக் கதைத்தேன். ஒருவரிடமிருந்து பதில் இல்லை. மற்றையவர் மூன்று மாதத்துக்கு எடுக்கலாம் என்கிறார். மொழிபெயர்க்க அல்ல, கணினி மொழிபெயர்த்ததைப் பார்வையிட. ஓர் இரவுக்கு நாற்பது செய்திகள். சம்பளம், நிரந்தர உதவி ஆசிரியர் ஒருவர் பெறுவதில் பாதிக்கும் குறைவு. நாற்பது செய்தியை ஓரிரவில் பார்ப்பவர் எதைப் பார்ப்பார் என்று நான் கேட்டேன். அவரால் நிர்வாகத்திடமிருந்து பெற முடிந்தது அவ்வளவுதானாம். அதிலும் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும்.

இருபதாக இருந்தால் அனுப்புகிறேன், எண்ணிக்கையைக் கடிதத்தில் எழுதித் தாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கடிதம் இன்னும் வரவில்லை. பிள்ளை சனிக்கிழமைகளில் வந்து போகிறார்.